நல்ல நிலையில் உள்ள கட்டடம்

இஞ்சினியர் வேதசிரோமணி வண்டிச் சாவியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். பூச்சு விட்டுப்போயிருந்தால் வெறும் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வரும். வரவில்லை. மடவார் வளாகத்தில் மாட்டாஸ்பத்திரி இடம் மாறியபின் சும்மா கிடந்த கட்டடம் அது. அதிகாரிகளிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு நசீமா டீச்சர் அங்கே அங்கன்வாடி நடத்திவந்தாள். தாய்மார்கள் விடியும்போதே ராஜபாளையம் மில்லுக்கு வேன் ஏறிவிடுவார்கள், பிள்ளைகள் இங்கேதான்.

போன வருடம் அவர் வந்து பார்த்தபோது இதே சுவரில் கை நுழைகிற விரிசல் இருந்தது. இஞ்சினியர் மறுபடி வருகிறார் என்றதும் நசீமா கொத்தனார் பால்பாண்டியைப் பிடித்தாள். அவன் மகளும் இங்கேதான் வருகிறாள். விரிசலைக் கொத்தி, கம்பிவலை வைத்துப் பூசி, ஓடு மாற்றி, பெண் பார்க்க வருகிற வீடுபோல வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

"இனி இடிக்கணும்னு எழுத மாட்டீகள்ல சார்?"

அரசுக் கட்டடம் சாகிற வழி இரண்டு. ஆபத்தானது என்று எழுதினால் இடிப்பார்கள். இடம் அரசிடமே இருக்கும். அதே இடத்தில் புதிய அங்கன்வாடி கேட்கலாம். அவர் அப்படிக் கேட்கத்தான் நினைத்திருந்தார். கட்டடம் நன்றாக இருந்து யாருக்கும் வேண்டாததாக இருந்தால் அது உபரி. மனையோடு ஏலத்துக்குப் போகும். பிள்ளைகள் இருப்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. கட்டடங்களின் பட்டியல் இன்று சாயங்காலம் விருதுநகர் ஆபீஸுக்குப் போகிறது. இதையெல்லாம் அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அப்ப விரிசலோட விட்டிருந்தா?"

"ஒங்களுக்கே புதுசா கேட்டிருக்கலாம் டீச்சர்."

"விரிசல்னே எழுதுங்களேன். நீங்க கண்ணால பார்த்ததுதான?"

"பொறவு பெரிய இஞ்சினியர் வந்து தட்டுவாரு. கவர்மெண்டு வேலைன்னா பால்பாண்டி இம்புட்டு நல்லாப் பூசியிருக்க மாட்டான்."

அடுத்த அங்கன்வாடி நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். மூன்று வயதுப் பிள்ளைகளை யார் சாலை தாண்டிக் கொண்டுபோய் விடுவது என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய்த் தேங்காய் உடைக்கிற அரிவாளோடு வந்தாள். விரிசல் இருந்த இடத்தில் அதன் முதுகால் ஓங்கி அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. சிமெண்ட் அசையவில்லை.

வேதசிரோமணி வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"செத்த மேல அடிங்க," என்றார் மெதுவாக.

அவள் அடித்தாள். சத்துமாவு உருண்டையோடு பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பால்பாண்டி மகள் மட்டும் உதிர்ந்த சுண்ணாம்புச் சில்லு ஒன்றை எடுத்துத் தரையில் கோடு போடத் தொடங்கினாள்.