ஓட்டத் தெரியாதவர் சொன்னது

1

இந்தக் கதை இன்று காலை எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘தர்க்கவியல் பேராசிரியரின் இல்லத்தில் அன்று ஒரு மாபெரும்—’

வேண்டாம். பேராசிரியர் என் அப்பா. ஓய்வு பெற்றுவிட்டார். பேசுபவனைத் தாக்குவது வாதமாகாது என்று முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவர். “திருடன் வந்து ‘வீடு பத்திக்கிச்சு’ன்னாலும் வாளியை எடுங்கப்பா” என்பது அவருடைய உதாரணம்.

2

நடந்தது இவ்வளவுதான். என் கணவர் தோசையை வைத்துவிட்டுச் சொன்னார்:

“மாமா, இனிமே நீங்க கார் ஓட்ட வேண்டாம். கண்ணு சரியாத் தெரியல. நேத்து வாசல்ல நின்ன என்னையே ‘யாருங்க வேணும்?’னு கேட்டீங்க.”

“தெரிஞ்சுதான் கேட்டேன்” என்றார் அப்பா.

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

“ரெண்டு தடவை காரைச் சுவத்துல ஏத்துன மனுஷன், எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு” என்றார் அப்பா.

“ஏத்துனேன்தான் மாமா. அதுக்கும் உங்க கண்ணுக்கும்...”

“வேலையை விட்டுட்டு வீட்ல உக்காந்திருந்தாலும் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல” என்றாள் அம்மா. விவாதம் முடிந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையில்.

3

இரண்டாம் வரைவில் கணவரைக் கண் டாக்டராக்கினேன். ஒரே வரியில் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார், கதை அரைப் பக்கத்தில் படுத்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: நான் மாற்றியது சொன்ன ஆளைத்தான். அப்பாவின் கண் இரண்டு வரைவிலும் அதே கண். அந்த வரைவை அடித்துவிட்டேன்.

(புருஷனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்குள் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதுவும் இங்கே சம்பந்தமில்லாதது.)

4

இனி முடிவு. மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அப்பா காரைக் கிளப்புகிறார். என் மகளுக்கு நீச்சல் வகுப்பு. பின் சீட்டில் ஏறிவிட்டாள்.

முடிவு ஒன்று: இருவரும் பத்திரமாகத் திரும்புகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவரை வைத்து மறுபடியும் சிரிக்கிறோம்.

முடிவு இரண்டு: தெருமுனையில் யாரோ குறுக்கே வர, அப்பா—

இல்லை. இதை எழுத மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

எந்த முடிவு வேண்டுமோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. நான் கீழே போய் கேட்டைப் பூட்டுகிறேன்.