திருப்பிப் போட்ட தோல்

ஹார்லன் ப்ரூயிட்டின் கடைசி அடி அவர் மனைவி மேட்டியின் வாயில் விழுந்தது.

காளை அவர் நெஞ்சை மிதித்து மூன்று நாளாகியிருந்தது. உடைந்த விலா எலும்புகள் உள்ளே உரசுவது கட்டிலருகே நிற்பவர்களுக்கே கேட்டது. மகள் லியோட்டா கால்களை அமுக்கிப் பிடித்திருந்தாள், மகன் டெல் தோள்களை. தண்ணீர் புகட்டக் குனிந்த மேட்டியைப் பார்த்ததும் கிழவருக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ, புறங்கையால் ஓங்கி ஒரு அறை. கிண்ணம் சுவரில் மோதி உருண்டது. கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அப்புறம் எழவில்லை.

மேட்டி உதட்டு ரத்தத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "முடிஞ்சுதா?" என்றாள், காற்று நின்றுவிட்டதா என்று கேட்பது போல.

"அப்பா போயிட்டாரும்மா." டெல் வாய்விட்டு அழுதான். முப்பத்தொரு வயது ஆள். அவனுடைய வலது காதும் அப்பாவின் கையால் செவிடானதுதான்.

லியோட்டா அழவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டைச் சுருட்டிப் பிடித்த கை. லாரமியில் அவள் படிக்கப் போவதாகச் சொன்ன அன்று அவளுடைய பெட்டியைக் கோடரியால் பிளந்த கை. துணியை மாவுச் சாக்கில் கட்டிக்கொண்டுதான் ரயில் ஏறினாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதே அப்பா போன குளிர்காலத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "எழுது. படிச்சது எதுக்காவது உதவட்டும்" என்றார். அந்தப் பக்கம் முதலில் குடியேறியவர்களின் முன்னோடிகள் சங்கம் குடும்பக் கதை கேட்டிருந்தது. நாலு பக்கம் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். மிசௌரியிலிருந்து நவோமி என்ற ஒற்றைப் பசுவை நடத்திக்கொண்டே வயோமிங் வந்தது, அந்த ஒன்றிலிருந்து நானூறு மாடு பெருகியது, கூட வந்த நில்ஸ் ஆபெர்க் என்ற நார்வேக்காரன் தன் மாடுகளைக் குடித்தே தீர்த்துவிட்டு, ஒருநாள் போதையில் சேணத்து அங்கவடியில் கால் மாட்டிக் குதிரை இழுத்துச் செத்தது. எல்லாம் லியோட்டாவின் அழகான கையெழுத்தில் இருந்தது. நாளைக்கு அடக்கத்தின்போது அதை அவளே படிக்க வேண்டும்.

நவோமியின் தோல் கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்தது. முடி வெளியே தெரிய, ஓரமெல்லாம் ஆணி. விலாப்பக்கம் ப்ரூயிட் குடும்பத்து மாடு என்பதற்கு அடையாளமாக இழுத்த வைர வடிவச் சூடு, நாலு கோடும் பளிச்சென்று. யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா அதைத் தட்டிக் காட்டுவார். "என்னோட வந்தவ. நான் போறப்போ என்னோடவே வருவா. பெட்டி மேல போர்த்திப் புதைங்கடா."

மதியத்துக்கு முன் பெர்ட்டா வந்தாள். நில்ஸ் ஆபெர்க்கின் விதவை. அந்தப் பள்ளத்தாக்கில் யார் செத்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் ஊர்த் துணி துவைப்பாள். சோப்பு ஊறி ஊதிப்போன விரல்கள்.

"என்ன டீச்சரம்மா, உதவிக்கு வரியா, இல்ல புஸ்தகத்துல பாத்துக் குளிப்பாட்டலாம்னு இருக்கியா?"

"புஸ்தகத்துல சாவே வராது பெர்ட்டாம்மா."

பிணத்தைச் சமையலறை மேசைக்குத் தூக்கிப் போய்க் கிடத்தினார்கள். அடுப்பில் வெந்நீர் கொதித்தது. பெர்ட்டா சட்டையைக் கத்தரித்து எடுத்தாள். நெஞ்சு முழுக்கக் கத்திரிக்காய் நிறம்.

"உங்கப்பனுக்குக் கெட்ட சாவுதான். ஆனா வீட்டுல செத்தான். என் ஆளைச் சாக்குல அள்ளினாங்களாம். நான் ரயில்ல வந்து இறங்கறதுக்கு மூணு வாரம் முன்னாடியே புதைச்சாச்சு."

லியோட்டா தலை நிமிராமல் துணியைப் பிழிந்தாள்.

"கடைசிக் கடுதாசியில படம் வரைஞ்சிருந்தான்" என்றாள் பெர்ட்டா, அக்குளைத் தேய்த்துக்கொண்டே. "ரெண்டே கோடு. கூரை. நம்ம மாட்டுக்கெல்லாம் இதான் சூடு, அடுத்தது நெசக் கூரை போடறேன், கிளம்பி வாடின்னு. வந்தா மாடும் இல்ல, கூரையும் இல்ல. எல்லாம் குடிச்சிட்டான்னு உங்கப்பன்தான் சொன்னான். அன்னையிலேர்ந்து எனக்கு இந்த ஊர்ல ஒரே பேருதான், குடிகாரன் பொண்டாட்டி. கொஞ்சம் திருப்பிப் பிடி கண்ணு, முதுகு பாக்கி இருக்கு."

குளிப்பாட்டி முடித்ததும் பெர்ட்டா சவத்துணி எடுத்து வர வெளியே வண்டிக்குப் போனாள். லியோட்டா சுத்தியலோடு படுக்கையறைக்குப் போய் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். உப்பும் மாட்டு மூளையும் தேய்த்துப் பதப்படுத்திய தோல், கம்பளி போல இருந்தது. கடைசி ஆணி வந்ததும் மொத்தமாகச் சரிந்து அவள் தலைமேல் விழுந்தது. உதறிக் கட்டிலில் போட்டாள்.

உள்பக்கம் மேலே இருந்தது. அதில் வைரம் இல்லை.

இரண்டே கோடு. கூரை.

மாட்டுக்காரன் வீட்டில் பிறந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கன்றாக இருக்கும்போது பட்டியில் கட்டிப் போட்டுப் போட்ட சூடு தோலின் அடிவரை இறங்கும். அப்புறம் எவனாவது ஈரத்துணிக்கு மேல் பழுத்த கம்பியை வைத்து அவசரமாகக் கீழே இன்னும் இரண்டு கோடு சேர்த்து வைரமாக்கினால் அது முடியோடு நின்றுவிடும். வெளியே பார்த்தால் புதுச் சூடு, உள்ளே பார்த்தால் பழையது. சந்தேகப்பட்ட மாட்டை அறுத்துத் தோலைத் திருப்பிப் பார்த்தே எத்தனையோ பேரைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அது தெரியாதா? எரித்திருக்கலாம். ஆனால் மிசௌரிக் கதையைச் சொல்லிச் சொல்லி, தட்டிக் காட்ட அவருக்கு ஒரு தோல் வேண்டியிருந்தது. உள்பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி ஆணி அடித்துவிட்டார்.

"மூடு அதை."

வாசலில் டெல். மரத்துப்போன முகம்.

"உனக்குத் தெரியுமா அண்ணா?"

"பதினாறு வயசுல பாத்தேன். அதுக்குத்தான் காதுல அடி விழுந்தது." அவன் உள்ளே வந்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நின்றான். "எங்கிட்டக் குடு. அடுப்புல போட்டுடறேன்."

"அந்தம்மா வெளியதான் இருக்காங்க. அப்பா முதுகத் தேய்ச்சுட்டுப் போயிருக்காங்க."

"இருக்கட்டுமே. நானூறு மாடு, காலேஜ்காரி. உன் பட்டமும் இந்தத் தோல்லேர்ந்துதான் வந்துச்சு. அதையும் திருப்பிக் குடுத்துடுவியா?"

"என் பட்டம் நான் பாத்திரம் தேய்ச்சு வாங்கினது, பொறுக்கி!"

அவன் அறைந்தான், அதே புறங்கையால், அப்பாவின் கணக்குப் பிசகாமல். உதடு பல்லில் கிழிந்தது. அவள் சுத்தியலை வீசினாள், தோள்பட்டையில் பட்டது. அவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றிச் சமையலறைக்கு இழுத்துப் போய், பிணம் கிடந்த மேசையோரத்தில் முகத்தை மோதினான். மறுகையில் தோல். அடுப்புக் கதவை முழங்காலால் திறந்தான்.

மேட்டி அடுப்பருகே நின்றிருந்தாள். ஆயுசில் யார் மேலும் கை ஓங்காதவள். வளைந்துபோன இடது மணிக்கட்டால் பானையைத் தாங்கி, கொதிக்கிற வெந்நீரை நிதானமாக மகனுடைய பாதத்தில் ஊற்றினாள்.

டெல்லின் அலறலுக்கு வெளியே குதிரைகள் மிரண்டன. தோல் தரையில் விழுந்தது. மேட்டி அதை எடுத்து மடித்து, முடி மேலே தெரிய மாவுப் பெட்டிமேல் வைத்தாள்.

"என்ன சத்தம்?" பெர்ட்டா துணியோடு உள்ளே வந்தாள்.

"வெந்நி கொட்டிடுச்சு" என்றாள் மேட்டி.

சாயங்காலம் அம்மாவும் மகளும் மட்டும் கொட்டகையில் இருந்தபோது லியோட்டா கேட்டாள். "கால் மாட்டித்தான் செத்தாரா அந்த ஆளு?"

மேட்டி பால் கறப்பதை நிறுத்தவில்லை. "கால் இல்ல. கழுத்து. சுருக்குக் கயிறு. நவோமியைத் திருப்பிக் கேக்க வந்தான். உங்கப்பா குதிரை மேல இருந்தாரு. ஓடை வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தாரு. டெல்லு என் இடுப்புல இருந்தான். நான் கத்தினேன். இறங்கி வந்து இந்தக் கையை வண்டிச் சக்கரத்துல வச்சு முறிச்சாரு." பால் சீராகப் பாத்திரத்தில் விழுந்தது. "நில்ஸு குடிக்கவே மாட்டான். ஜெபம் பண்ற ஆளு."

"இருபத்தொம்பது வருஷம்மா!"

"ஆமா."

"அவங்க நம்ம துணியத் தொவைச்சாங்க. நம்ம பிணத்தையும்."

"ஆமாடி" என்றாள் மேட்டி. பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் மதியம் நாற்பது பேர் வந்திருந்தார்கள். மண் உறைந்திருந்ததால் கடப்பாரையால் உடைத்துத் தோண்டிய குழி. பெட்டியின் மேல் நவோமியின் தோல் போர்த்தியிருந்தது, வைரச் சூடு வானத்தைப் பார்த்தபடி. பாதிப் பேருக்குத் தங்கள் பெயரைத் தாண்டி எழுதத் தெரியாது, ஆனால் மாட்டுச் சூட்டைப் படிக்க எல்லாருக்கும் தெரியும். டெல் பாதத்தில் கந்தல் சுற்றி, வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். கண் லியோட்டாவை விட்டு அகலவில்லை.

சங்கத் தலைவர் விட்கோம் கிழவர் தொண்டையைக் கனைத்தார். "படிம்மா. உங்கப்பன் கதையை எல்லாரும் கேக்கணும்."

லியோட்டா நாலு பக்கத்தையும் விரித்தாள். உதடு வீங்கி வார்த்தை சரியாக வரவில்லை. "ஹார்லன் ப்ரூயிட், ஆயிரத்தெண்ணூத்து எழுபத்தொம்பதில் மிசௌரியிலிருந்து..." அங்கேயே நின்றாள். எதிரே பெர்ட்டா, கறுப்புத் தொப்பி, கம்பளிக் கையுறைக்கு வெளியே தெரியும் விரல் நுனிகள். அடுத்த பக்கத்தில் அவளுடைய புருஷன் குடித்துச் சாக வேண்டும்.

"சத்தமா படி" என்றான் டெல்.

அவள் தாளை மடித்தாள். "நான் எழுதினது பொய்யி. நீங்களே படிச்சுக்குங்க."

குனிந்து தோலின் இரண்டு முனைகளைப் பிடித்தாள். மறுபக்க முனைகளை மேட்டி வந்து பிடித்தாள். டெல் கத்திக்கொண்டே வண்டியிலிருந்து குதித்தான், வெந்த கால் தாங்காமல் பனியில் விழுந்தான். அவன் எழுவதற்குள் தோல் புரண்டு பெட்டிமேல் கிடந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஓரடி முன்னே வந்து பார்த்தார்கள். பிறகு பின்வரிசை.

"இது நார்வேக்காரனோட சூடு" என்றார் விட்கோம், யாரிடமும் அல்லாமல். செத்தவருக்கு மரியாதையாகக் கழற்றியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்துக்கொண்டார்கள். பெட்டியை இறக்கக் கயிறு பிடித்திருந்த ஆறு பேரில் ஒருவன் கயிற்றைக் கீழே போட்டான். அப்புறம் இன்னொருவன்.

மேட்டி குழியைச் சுற்றிக்கொண்டு பெர்ட்டாவிடம் போனாள். "பெர்ட்டா. நில்ஸு அன்னைக்குக் குடிக்கல. நான் பாத்தேன். கயிறு இவரோடது."

பெர்ட்டா அவளையே பார்த்தாள். மேட்டி முகத்தைத் திருப்பாமல் நின்றாள், அடி விழும் என்று தெரிந்து நிற்கப் பழகியவள்.

அடி விழவில்லை. பெர்ட்டா பெட்டியருகே போனாள். கையுறையைக் கழற்றி, ஊதிய விரலால் ஒரு கோட்டில் ஏறி, மறு கோட்டில் இறங்கினாள். பிறகு தோலை இழுத்து எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நீவி நீவி மடித்தாள், காய்ந்த துணியை மடிப்பது போல, கூரை மேலே தெரியும்படி. அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

பனி மறுபடி விழ ஆரம்பித்தது. குழியில் இறக்காத பெட்டிமேல், பனியில் கிடந்த கயிறுகள்மேல். வண்டியில் ஏறியதும் பெர்ட்டா தோலை மடியில் வைத்து, தன் சால்வையை அவிழ்த்து அதன்மேல் போர்த்தினாள்.