துணைக்கால்

சுவர் எழுத்துக்காரரின் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்திய அன்று காலையில், ஊர்ச் சுவர்களில் அவர் எழுதியிருந்த ‘இங்கே சிறுநீர் கழிக்க வேண்டாம்’ என்ற வாசகங்கள் அத்தனையும் ‘இங்கே சிறுநீர் கழிக்க வேண்டும்’ என்று மாறின. மார்க்கெட்டின் பின்சுவர், பஸ் டிப்போ, கோர்ட்டு காம்பவுண்டு, பள்ளிக்கூடம், மின்வாரிய ஆபீஸ், ஒன்று பாக்கியில்லை. பெயிண்ட் புதிது இல்லை. பழைய பெயிண்டுதான், பழைய வெடிப்புதான். ‘டா’வின் துணைக்கால் மட்டும் காணாமல் போய், ‘ட’ வாலைச் சுருட்டிக்கொண்டு ‘டு’ ஆகியிருந்தது. வேறு ஆட்கள் எழுதிய சுவர்கள் மாறவில்லை. ஊரில் பாதிப் பேர் இதைக் கவனிக்கவே இல்லை. இத்தனை வருஷமாக அவர்கள் அந்த வாசகத்தைப் படித்ததே கிடையாது. மீதிப் பேர் படித்தார்கள், சொன்ன பேச்சைக் கேட்கிற ஜனங்களாகையால் சொன்னபடி செய்தார்கள்.

எழுத்துக்காரர் அப்போது பெரியாஸ்பத்திரியில் இருந்தார். சிமெண்ட் விளம்பரம் எழுதும்போது ஏணி சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். தைத்த இடம் சீழ்பிடித்து, சீழ் எலும்புக்குள்ளே போய்க் குடியேறிவிட்டது. அந்தக் கிருமி எந்த மருந்துக்கும் அசையவில்லை, ஒரே ஓர் ஊசிக்குத்தான் பயந்தது. ஊசி போடப் போட சீழ் குறைந்தது. கூடவே சிறுநீரும் குறைந்தது. திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் அடுப்படியில் நுழைந்து சோற்றுப்பானையைக் காலி செய்வது மாதிரி, கிருமியைத் தின்ற ஊசி சிறுநீரகத்தையும் தின்னத் தொடங்கியது. முகம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் உப்பு என்று சுருக்கமாகச் சொல்கிற கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் சிறுநீர் அடியோடு நின்றுபோனது. சுவர்கள் மாறியது அன்றைக்குத்தான்.

சிறுநீரக டாக்டர் நல்ல மனுஷர். எதையும் ஒளிக்காமல் சொல்லக்கூடியவர். எழுத்துக்காரரின் மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஊசிய நிறுத்தினா கால் போயிடும்மா. நிறுத்தலைன்னா கிட்னி போயிடும்.”

“கால்தான் விடிஞ்சதுமே போயிடுச்சே டாக்டர். ஊர்ல ஒரு சுவத்துலயும் இல்ல.”

“நான் அவரோட காலச் சொல்றேன்மா.”

“அப்படித் தெளிவா சொல்லுங்க. எங்க வீட்ல ரெண்டு வகைக் கால் இருக்கு.”

எழுத்துக்காரருக்குக் கால் மேல்தான் ஆசை. வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் எல்லா எழுத்துகளையும் காலில்லாமல் எழுதி முடித்துவிடுவார். பிறகு வரிசையாக வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, துணைக்கால்களை மட்டும் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இறக்குவார். கடைசியாக வந்ததுதானே முதலில் கிளம்பும் என்று, சுவர்கள் மாறியதைக் கேட்டதும் அவரே சொன்னார். ஆச்சரியப்படவில்லை. ஊசியை நிறுத்தக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

“ஏணில கிட்னியா ஏறப் போகுது? கால்தான ஏறணும்?” என்றார் மனைவியிடம்.

“கால் இல்லாட்டி உக்காந்து நம்பர் பிளேட் எழுதிக்கலாம். கிட்னி இல்லாட்டி எங்கங்க உக்காருவீங்க?”

“நம்பர் பிளேட்ல எழுத்தா இருக்கு? பாதிக்கு மேல நம்பரு.”

அவள் கட்டிலின் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குள் உப்பு இறங்காவிட்டால் ஊசியை நிறுத்துவது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது என்று முடிவானது.

ஊரில் இதற்குள் நிலைமை முற்றியது. போலீஸ்காரர்கள் பிடித்தால் பிடிபட்டவர்கள் சுவரைக் காட்டினார்கள். ‘சார், நீங்கதான் எழுதியிருக்கீங்க’ என்றார்கள். கோர்ட்டுச் சுவரில் பிடிபட்ட ஒரு வக்கீல், தனக்கு அந்த நேரத்தில் வரவே இல்லை என்றும், வாசகத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் நின்றதாகவும் வாதாடி வென்றார். நகராட்சி ஆணையர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். சுண்ணாம்பு காய்ந்ததும் எழுத்து பழையபடி மேலே வந்தது. நீங்கள் எழுதியிருந்தால் நீங்கள்தான் வசதி செய்துதர வேண்டும் என்று சட்ட ஆலோசகர் சொல்லிவிட்டதால், சுவரோரமெல்லாம் அவசர அவசரமாகக் கழிப்பறை கட்ட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆணையர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

“ஐயா, கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. ஊரே நாறுது.”

“நானும் அதுக்குத்தான் சார் விடிஞ்சதுலேர்ந்து உக்காந்திருக்கேன்,” என்றார் எழுத்துக்காரர். “வந்தா உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லி அனுப்புவேன்.”

ஆணையர் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்களை எழுத்துக்காரர் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டில் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எழுத்துக்காரரின் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவள். வீட்டிலும் வேலையிடத்திலும் அவளுக்கு எலியம்மா என்றே பெயர். அங்கே எலிகள் மூன்று கூட்டமாக இருந்தன. தண்ணீர் மட்டும் குடிப்பது சும்மாக் கூட்டம். அத்தானுக்குப் போடுகிற அதே ஊசியை வாங்கிக்கொள்வது ஊசிக் கூட்டம். ஊசியும் போட்டுக்கொண்டு மூக்கிரட்டைச் சாறும் குடிப்பது சாற்றுக் கூட்டம். மூக்கிரட்டை ஒன்றும் அபூர்வமான சரக்கில்லை. சுவரோரத்தில் யாரும் விதைக்காமல் படர்ந்து, குண்டூசித் தலை அளவுக்கு இளஞ்சிவப்பாகப் பூக்கிற கொடி. அதை வேரோடு பிடுங்கி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்தால் தார் மாதிரி ஒரு விழுது மிஞ்சும். ஊசிக் கூட்டத்தின் சிறுநீரகங்கள் வெளிறி வீங்கின. சாற்றுக் கூட்டத்தின் சிறுநீரகங்கள் சும்மாக் கூட்டத்தினுடையதைப் போலவே சிவப்பாக, அவரைக்கொட்டை அழகோடு இருந்தன. ஊசி கிருமியைக் கொல்வதைச் சாறு தடுக்கவும் இல்லை.

எலியம்மா இதை அக்காவிடம் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். அங்கிருந்த பேராசிரியை பொறுமையாகக் கேட்டார். எலிக்கு ஒத்துக்கொண்டது மனுஷனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்றார். முறைப்படி மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் வருஷங்கள் ஆகும் என்றார்.

“எங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருக்கு மேடம்.”

பேராசிரியை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவருடைய காம்பவுண்டுச் சுவரில் ‘வேண்டும்’ என்று இருந்தது. அதன் கீழே மூன்று பேர் கடமையைச் செய்துகொண்டிருந்தார்கள். மூக்கிரட்டை இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவர் டாக்டருக்குப் போன் செய்தார். இரண்டு பேரும் நெடுநேரம் சண்டை போட்டார்கள், பிறகு நெடுநேரம் பேசினார்கள். கொடுக்கலாம், ஆனால் அவருக்கு எல்லாவற்றையும் விளங்கச் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் என்று முடிவு செய்தார்கள்.

“எலிகிட்ட நாம கேட்டுட்டுக் குடுக்கல,” என்றார் பேராசிரியை. “இவர்கிட்ட கேக்கணும். அப்புறம் எலியம்மா, கொடிய அந்தச் சுவத்துலேர்ந்து பறிக்காத. வேற எங்கயாவது பாரு.”

எழுத்துக்காரருக்கு டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், இருப்பதைக் கெடுக்கவும் செய்யலாம் என்றார். எழுத்துக்காரர் ஒரு கேள்விதான் கேட்டார், எலிகள் இப்போது எப்படி நடக்கின்றன என்று. நன்றாக ஓடுகின்றன, ஒன்று கடித்துக்கூட வைத்தது என்று எலியம்மா விரலைக் காட்டினாள். அவர் சம்மதக் காகிதத்தை வாங்கி, மேலே நிழல், கீழே கோடு எல்லாம் போட்டுக் கையெழுத்தை இழைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பொறுமையிழந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். சாற்றைக் குடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு, பெயிண்டில் கலக்குகிற டர்பென்டைனே தேவலை என்றார்.

“டர்பென்டைன் எப்பங்க குடிச்சீங்க?” என்றாள் மனைவி.

“அது கல்யாணத்துக்கு முன்னாடி.”

மறுநாள் சுவர்களில் ‘டு’வின் வால் தளர்ந்தது. அதற்கு மறுநாள் வால் உதிர்ந்துவிட்டது, ஆனால் கால் வரவில்லை. ஊர் முழுக்க ‘இங்கே சிறுநீர் கழிக்க வேண்டம்’ என்று நின்றது. அப்படியொரு சொல்லே கிடையாது. ஆண்கள் சுவர் முன்னால் வந்து, கையை வைத்த இடத்தில் வைத்தபடி, செய்வதா கூடாதா என்று தெரியாமல் வரிசையாக நின்றார்கள். தமிழாசிரியர் ஒருவரைக் கூட்டிவந்து கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, தனக்கே அவசரமாக வருவதாகவும், எழுத்து ஒரு முடிவுக்கு வரட்டும் என்றும் சொல்லிவிட்டு அவரும் வரிசையில் நின்றார்.

வியாழக்கிழமை உப்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஊசியைப் போட்டார்கள், சாற்றையும் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் காலை எடுக்கிற டாக்டர் வந்து முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார். கோடு கோணல் என்று எழுத்துக்காரர் குறை சொன்னார். சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கட்டிலின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“நம்பர் பிளேட்ல எழுத்தும் இருக்குங்க,” என்றாள். “நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

அவர் சரியென்று தலையாட்டினார். தலையாட்டியவர் அப்படியே அசையாமல் இருந்து, எதையோ கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு கோப்பையைக் கேட்டார். அவள் திரையை இழுத்துவிட்டாள். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சொட்டு. அப்புறம் கூரை ஓட்டிலிருந்து தகர வாளியில் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம் தொடங்கியது. அது நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். எதிர்க் கட்டில்காரர் கைதட்டினார். வார்டு முழுக்கத் தட்டியது. பேனாவை மூடிக்கொண்டு நின்ற டாக்டரும் தட்டினார். நர்ஸ் இரண்டாவது கோப்பையை எடுத்துவர ஓடினாள், பிறகு மூன்றாவதற்கு. மனைவி திரைக்கு இந்தப் பக்கம் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்புறம் அழுதாள். அழுது முடித்ததும், ‘போதுங்க, ஆணையருக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க’ என்றாள்.

சுவர்களில் துணைக்கால்கள் அந்த நேரத்தில்தான் இறங்கின. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: மேலிருந்து கீழே, ஒரே இழுப்பில். ஊசியை முழுக்காலமும் போட்டு முடித்தார்கள். கிருமி ஒழிந்தது, எலும்பு கூடியது. எழுத்துக்காரர் கொஞ்சம் சாய்ந்து நடந்தார், ஆனால் இரண்டு காலோடு நடந்தார். பேராசிரியை ஒரு மனுஷனை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மறுபடியும் எலிகளிடம் திரும்பினார். மனிதர்களுக்கு முறைப்படி கொடுத்துப் பார்க்கிற வேலையும் சில வருஷங்களில் தொடங்கியது. எலியம்மா சும்மாக் கூட்டம் என்று வைத்த பெயர் அங்கே நிலைத்துவிட்டது, சும்மாக் கூட்டத்தில் சேர்ந்த மனிதர்கள் மட்டும் கோபித்துக்கொண்டார்கள். கட்டிய கழிப்பறைகளை இடிக்க ஆணையருக்கு மனம் வரவில்லை. அவற்றுக்கு மேலே தெரிந்த சுவரில் இப்போது ‘இங்கே சிறுநீர் கழிக்க வேண்டாம்’ என்று இருந்தது. ஜனங்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே போய் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள்தான் குழம்பினார்கள்.

எழுத்துக்காரர் மறுபடி ஏணி ஏறினார். வெயில் காலத்தில் வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துபோவார். அப்போதெல்லாம் ஊர்ச் சுவர்களில் ‘டா’வின் கால் மெல்லச் சாயும். முதலில் யார் பார்க்கிறார்களோ அவர்கள் போன் செய்வது என்று ஊரில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் மார்க்கெட் எதிரே இருக்கிற சலூன்காரர்தான் பார்ப்பார். கத்தியைக் கையில் பிடித்தபடி, பாதி சவரம் ஆன ஆளை உட்காரவைத்துவிட்டு, வாசலுக்கு வந்து போன் போடுவார்.

“அண்ணே, கால் சாயுது. தண்ணி குடிச்சீங்களா?”

“இல்லப்பா, இந்த வரி முடியட்டும்னு...”

“வரி ஓடியா போயிடும்? குடிங்கண்ணே.”

எழுத்துக்காரர் ஏணியில் நின்றபடியே பாட்டிலைத் திறந்து மடக்மடக்கென்று குடிப்பார். சலூன்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“நிமிந்துடுச்சு. வச்சிடறேண்ணே,” என்று சொல்லிவிட்டு, மீதிச் சவரத்துக்கு உள்ளே போவார்.