கொட்டாவி இல்லாத கதை

1

இந்தக் கதை ஃபெரியில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது என்று தொடங்க ஆசைப்பட்டேன். எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருந்தது. கதை எங்கேயாவது ஃபெரியில் ஏறி வருமா? வந்து உட்கார்ந்தது கனகேஸ்வரி. போன வருடக் கடைசி, 1997, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நான் தீவில் வேலை முடிந்து அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

பீச் ஸ்திரீட்டில் நான் குப்பை கொட்டும் காப்புறுதி அலுவலகத்தில் அவள் முன்பு டைப்பிஸ்ட். பிறகு படித்து, ஜோர்ஜ் டவுனிலேயே ஒரு நிலையத்தில் ஆலோசகர் ஆனாள். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களும் பிள்ளைகளும் வந்து பேசும் இடம் அது. நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பேப்பர்ல உங்க கதையெல்லாம் படிக்கிறேன்," என்றாள்.

எழுத்தாளனிடம் யாராவது இப்படிப் பேச்சை எடுத்தால் அடுத்து ஒரு குறை வரும். நான் தயாரானேன். குறை வரவில்லை.

"என்னைப் பத்தி ஒரு கதை எழுதித் தர்றீங்களா? நடந்ததெல்லாம் சொல்றேன். அப்படியே எழுதுங்க. ஒன்னே ஒன்னு மட்டும் மாத்தணும்."

"என்ன மாத்தணும்?"

"நான் கொட்டாவி விடக்கூடாது."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஃபெரி கரையை விட்டு நகர்ந்ததும் சொல்லத் தொடங்கினாள்.

2

தொடக்கம் ஒன்று: "1993ஆம் ஆண்டு, மனிதர்களின் களைப்பை அளக்க ஒரு பெண் வந்தாள்." துணிக்கடையில் கஜம் போடுகிற மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: "கனகேஸ்வரி ஒரு மெழுகுவர்த்தியைப் போல" — அடித்துவிட்டேன். இனி ஒரு பெண்ணை நான் மெழுகுவர்த்தி என்று எழுதினால் என் விரலை ஒடித்துப் போடுங்கள்.

தொடக்கம் மூன்று, வேறு வழியில்லாமல், உள்ளதை உள்ளபடி. திரைச்சீலைக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த நிலையம். ஆலோசகர்கள் இரண்டே பேர், கனகேஸ்வரியும் குணவதியும். தலைவர் அப்புத்துரை, ஓய்வு பெற்ற தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கே பல்கலைக்கழகத்திலிருந்து சித்தி ஹாஜரா என்ற இளம் விரிவுரையாளர் வந்தார். நாள் முழுக்க இப்படிப்பட்ட துயரங்களையே கேட்கிறவர்கள் உள்ளுக்குள் எவ்வளவு தீய்ந்து போகிறார்கள் என்பதை அளப்பது அவர் ஆய்வு. பர்ன் அவுட் என்று அதற்குப் பெயர் சொன்னார்.

"அடுப்புல வெச்சு மறந்த சட்டி மாதிரியா?" என்று கேட்டாளாம் குணவதி.

"அதேதான்கா," என்றார் சித்தி ஹாஜரா. "நீங்க சொன்னது என் தாளைவிடத் தெளிவா இருக்கு."

தாளில் கேள்விகள் இருந்தன. காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கிறதா? வருகிறவர்கள் சொல்வது காதில் விழுந்தும் மனசில் ஏறாமல் போகிறதா? ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஆறு வரை எண் போட வேண்டும். ஒருபோதும் இல்லை என்றால் சைபர், தினமும் என்றால் ஆறு. பெயர் எழுத வேண்டாம், யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று உறுதி கொடுத்தார்.

[இரண்டே பேர் வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியாதாம். படித்தவர்கள் சில சமயம் இப்படித்தான்.]

3

இப்போது அந்தப் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வயது ஒன்பது. ஆயர் ஈத்தாம் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை. நல்ல பெயர் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். பெயர் வைத்ததும் அவள் என் பாத்திரம் ஆகிவிடுகிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் வேண்டாம். அவளைக் கொடுமைப்படுத்திய அந்த ஆளுக்கும் பெயர் கிடையாது. வீட்டுக்கு வேண்டப்பட்டவன், அவ்வளவு போதும்.

பிள்ளை முதலில் குணவதியிடம்தான் வந்தாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கனகேஸ்வரியிடம் மாற்றினார்கள். வாரக்கணக்கில் படத்துக்கு வண்ணம் தீட்டினாள். பிறகு ஒரு நாள் தானாகவே பேச ஆரம்பித்தாள், கொஞ்சம் கொஞ்சமாக. பாதி சொல்லியிருந்தாள். அந்தப் பாதியை வைத்துப் போலீஸால் அந்த ஆளைப் பிடித்து வைக்க முடியாது என்றார் வெல்ஃபேர் அதிகாரி. மீதியை அவளே தன் வாயால் சொல்ல வேண்டும், யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

இந்த நேரத்தில்தான் தாள் வந்தது. அப்புத்துரை முன்கூட்டியே அறிவித்துவிட்டார். யார் ரொம்பச் சோர்ந்து போயிருக்கிறார்களோ அவர்களுக்கு இரண்டு மாதம் சம்பளத்தோடு ஓய்வு, அவர்கள் பார்க்கும் பிள்ளைகளை மற்றவர் பார்ப்பார். நல்ல மனசோடு சொன்னதுதான்.

கனகேஸ்வரி அந்தச் சமயத்தில் எப்படி இருந்தாள்? "பஸ்ல உட்கார்ந்தா எறங்குற எடம் தெரியாம போயிடும் அண்ணே. வீட்டுல சாப்பாட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். அக்கா வந்து ஏன்டி சாப்பிடலன்னு கேட்டாத்தான் தெரியும்." எல்லாக் கேள்விக்கும் ஆறு போட வேண்டியவள். போட்டால் ஓய்வு. ஓய்வு என்றால் பிள்ளை மறுபடியும் குணவதியிடம், சுவரைப் பார்த்த நாற்காலிக்கு.

எல்லாவற்றுக்கும் சைபர் போட்டாள்.

4

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைக்காகத்தான் பொய் சொன்னாளா? அல்லது களைத்துப் போனவள் என்று பெயர் வாங்க மனசில்லாமலா? யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய எங்கள் வீடுகளில் எனக்குத் தெரிந்த பெண்கள் அம்மை போட்டிருக்கும்போதும் ஒன்றுமில்லை என்பார்கள். தியாகி ஒருத்தியை எழுதுவது எனக்குச் சுலபம், வாசகர்களுக்கும் பிடிக்கும். அதனாலேயே பயமாக இருந்தது. ஃபெரியிலேயே கேட்டுவிட்டேன்.

"ரெண்டும்தான் அண்ணே," என்றாள். "பிள்ளைக்காகன்னு நெனச்சுத்தான் போட்டேன். போட்டு முடிச்சதும் பெருமையாவும் இருந்திச்சு. எல்லாம் சைபர். யாருக்கு வரும்?"

நான் இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் அவள் நல்லவளாகிவிடுவாள், ஆளாக இருக்க மாட்டாள்.

5

சித்தி ஹாஜரா வாக்குத் தவறவில்லை. தனித்தனி எண்களைக் காட்ட மறுத்து, நிலையத்தின் சராசரியை மட்டும் கொடுத்தார். சராசரி மூன்று. நடுத்தரச் சோர்வு, கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் குணவதி ஒளிவுமறைவில்லாத ஆள். "எல்லாத்துக்கும் ஆறு போட்டேன் சார், முடியல," என்று அப்புத்துரையிடம் தானே சொல்லிவிட்டாள். முப்பது வருடம் கணக்குப் பார்த்த மனிதருக்கு மீதியைக் கழிக்க எவ்வளவு நேரமாகும்? குணவதிக்கு ஓய்வு கிடைத்தது. அவளிடம் வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் கனகேஸ்வரியிடம் வந்தார்கள்.

"நீ ஸ்டீல் பாடி லா கனகேஸ்," என்றாராம். "உன்னை மாதிரி பத்துப் பேர் வேணும் எனக்கு."

அப்புத்துரையை வில்லனாக்கிவிட வேண்டும் என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். குரலைக் கரகரப்பாக்கினேன், தங்க மோதிரம் மாட்டிவிட்டேன். நிற்கவில்லை. நிலையத்தின் மாடிப்படியைத் தன் கையாலேயே கழுவிய மனிதர் அவர். யாராவது ஒரு கெட்டவன் இருந்தால் என் கதைக்கு எவ்வளவு வசதியாக இருக்கும்! இருக்கிற ஒரே கெட்டவனைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

6

கொட்டாவி.

பிற்பகல், நல்ல வெயில். தலைக்கு மேலே காற்றாடி ஓடுகிறது. அன்று காலையிலிருந்து அவள் குணவதியின் ஆட்கள் நாலு பேரைப் பார்த்து முடித்திருந்தாள். ஐந்தாவது, பிள்ளை. ஒரு மீனுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இன்னொன்னு இருக்கு."

இதற்காகத்தான் அத்தனை வாரங்கள். இதற்காகத்தான் அத்தனை சைபர்கள். கனகேஸ்வரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். சொல்லும்மா என்று வாயைத் திறந்தாள். கொட்டாவி வந்தது. பெரிய கொட்டாவி, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. "கையை வெச்சு மூடக்கூட முடியல அண்ணே. ஒடம்பு என்னைக் கேக்கவே இல்ல."

பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயர்டா இருக்காக்கா?"

"இல்லம்மா, இல்ல. நீ சொல்லு. அக்கா கேக்குறேன்."

"பரவால்ல லா. அப்பறம் சொல்றேன்."

தன் பள்ளிப் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து மேசைமேல் தள்ளினாள். "குடிங்கக்கா." கனகேஸ்வரி வாங்கிக் குடித்தாள். வேறு என்ன செய்ய? பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கப் பழகிய பிள்ளை அவள். அந்த வீட்டில் அதைக் கற்றுக்கொள்ளாமல் இருந்திருக்க முடியாது.

அடுத்த வாரம் கேட்டபோது மறந்துட்டேன் என்றாள். அதற்கடுத்த வாரமும் மறந்துட்டேன். வழக்கு நிற்கவில்லை. வெல்ஃபேர் அவளைப் பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தது. அந்த ஆள் எங்கேயும் போகவில்லை. இன்றைக்கும் ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன் வாங்குகிறான், கனகேஸ்வரி இரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

மறு வருடம் சித்தி ஹாஜரா திரும்ப வந்தபோது, "போன வருஷம் நான் போட்ட சைபரையெல்லாம் எடுத்துடுங்க, அது பொய்," என்றாளாம். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "ஆய்வு அச்சாயிடுச்சேக்கா," என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் கனகேஸ்வரி வேலையை விட்டுவிட்டாள். இப்போது ஒரு கண் மருத்துவரின் கிளினிக்கில் நோயாளிகளுக்கு எண் கொடுக்கிறாள்.

7

சரி, மாற்று முடிவுகள்.

முடிவு அ: கனகேஸ்வரி உண்மையாக ஆறு போடுகிறாள், ஓய்வு எடுக்கிறாள், பிள்ளை காத்திருக்கிறாள், இரண்டு மாதம் கழித்து — எந்தப் பிள்ளை காத்திருக்கும்? கைவிட்டேன்.

முடிவு ஆ: சித்தி ஹாஜரா அந்தச் சைபர்களைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டு — இவ்வளவு வரிசையாக ஒருவரும் நன்றாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் எழுதி என்ன ஆகப் போகிறது?

முடிவு இ, அவள் கேட்டது. கொட்டாவி இல்லாதது. இரண்டு மாதம் அதில் மாரடித்தேன். பிள்ளை பென்சிலைக் கீழே வைக்கிறாள். "அக்கா, இன்னொன்னு இருக்கு." கனகேஸ்வரி நிமிர்ந்து உட்காருகிறாள். "சொல்லும்மா." பிள்ளை சொல்கிறாள். பிறகு போலீஸ், கோர்ட், அந்த ஆள் உள்ளே. எல்லாம் கடகடவென்று எழுதி வந்தது. ஓர் இடத்தில் மட்டும் பேனா நின்றது. பிள்ளை சொல்கிறாள் என்று எழுதிவிட்டேன், என்ன சொல்கிறாள்? கொட்டாவியை எடுத்தால் அந்த இடத்தில் வேறு ஒன்றை வைத்தாக வேண்டும். அது கொட்டாவி விட்டவளுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

இட்டுக்கட்டினேன். அதுதானே என் தொழில். மூன்று வரி. அசிங்கமாக ஒன்றும் இல்லை, ஒரு குழந்தை சொல்லக்கூடிய மாதிரி, சாதாரணமாக. நன்றாகவும் வந்திருந்தது.

போன மாதம் ஃபெரி ஏறும் ஜெட்டிக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் வைத்து அவளிடம் கொடுத்தேன். காப்பியைத் தொடாமல் படித்தாள். சைபர் போட்ட இடத்தில் லேசாகச் சிரித்தாள். அப்புத்துரை வந்ததும், "பாவம் சார்," என்றாள். அந்த மூன்று வரிக்கு வந்ததும் நின்றாள். விரலை வைத்து மறுபடியும் படித்தாள்.

"அண்ணே, இதுதானா?"

"எது?"

"இதத்தான் சொல்ல வந்தாளா?"

நிஜமாகத்தான் கேட்டாள். நான் அந்த அறையில் இருந்தவன் மாதிரி.

"கனகேஸ், அது நான் சும்மா எழுதினதும்மா. கதைதானே."

"தெரியும், தெரியும்." தலையை ஆட்டினாள். "நாலு வருஷமா நானே எத்தனையோ நெனச்சுப் பார்த்துட்டேன். இதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோன்னு. இது மட்டும் எனக்குத் தோணவே இல்ல. இப்படியும் இருந்திருக்கலாம் இல்ல?"

பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டேன். ஆறுதல் என்று நினைத்து எடுத்துப் போனேன், பாவி. இதை மறந்துவிடு, கிழித்துப் போடுகிறேன் என்று ஏதேதோ உளறினேன்.

"பரவால்ல லா அண்ணே," என்றாள். "படிச்சிட்டேன்ல."

8

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை. கொட்டாவி ஆறாம் பகுதியில் நடந்தபடியே இருக்கிறது. முடிவு இ இருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

[இங்கே மூன்று வரிகள் இருந்தன.]

பிள்ளைக்கு இப்போது பதினாலு வயது இருக்கும். என்றைக்காவது யாரிடமாவது அவளே சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். அது அவள் இஷ்டம்.

இதற்குள் நீங்களும் ஒன்றை நினைத்திருப்பீர்கள். நினைக்காமல் இருக்க முடியாது, நான்தானே இடத்தைக் காலியாக விட்டேன். நினைத்ததை எனக்கு எழுதி அனுப்பாதீர்கள். கண் கிளினிக்கில் எண் வாங்கப் போகும்போது கனகேஸ்வரியை அடையாளம் தெரிந்தால் அவளிடமும் சொல்லிவிடாதீர்கள். அவளிடம் ஏற்கனவே நிறைய இருக்கின்றன.