உச்சியில் விற்றவன்

அந்தப் பங்கு தன் ஆயுளில் தொட்ட ஆக உயர்ந்த விலையில், அந்த ஒரே நிமிடத்தில், நான் விற்றேன். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பல்லிகூட உச்சுக் கொட்ட மறுக்கிறது.

முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றியவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. என் மனைவிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் வங்கியில் தூங்கியது. எது தூங்கினாலும் எனக்குக் கை அரிக்கும். வாட்ஸ்அப் குழுவில் எவனோ சொன்னான் என்று, சட்டைப் பொத்தான் விலையில் கிடைத்த ஒரு பங்கில் மொத்தத்தையும் போட்டேன். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்காதீர்கள். அவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

ஏறியது. தினமும் ஏறியது. கூடத்துக்கும் பால்கனிக்குமாக நான் நடந்த நடைக்கு, நேராகப் போயிருந்தால் இரண்டு நாடுகளைத் தாண்டியிருப்பேன். கழிவறையிலும் கைபேசிதான். விலை இறங்கினால் சோறு இறங்காது. ஏறினால் இன்னும் மோசம். இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மூன்று மடங்கான அன்று, "நாளைக்கு நாலு" என்று குழுவே ஆடிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் அவள் காய்கறிப் பையோடு ஏறி வரும் சத்தம் கேட்டது. இரண்டு படி, ஒரு நிற்பு. இரண்டு படி, ஒரு நிற்பு. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்தபடி, யார் கண்ணிலும் படாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் விற்றுவிட்டது.

மறுநாள் முதல் அந்தப் பங்கு கிணற்றில் போட்ட கல். விற்க நின்ற கூட்டம் கடல்போல. வாங்கத்தான் ஓர் ஆள் இல்லை.

என் மச்சினியின் கணவர், எனக்குச் சகலை, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பெற்ற தாயின் கையெழுத்தையே இரண்டு தடவை சரிபார்ப்பவர். மூன்று மாதமாக ஒரு விசேஷம் விடாமல், "உச்சியில வித்தாராம், கேட்டுக்கோங்க" என்று ஊரைச் சிரிக்க வைத்தவர்.

போன வாரம் தனியாக வந்தார். ஆபரேஷன் முடிந்த என் மனைவி சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்து காப்பி வைத்துவிட்டுப் போனாள். அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருப்பேனா, ஆரம்பித்தேன்.

"உச்சியில வித்தேன் சகலை. நீங்கதான் நம்ப மாட்டேங்கறீங்க."

அவர் சிரிக்கவில்லை. வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தபடி செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"நீங்க வித்த அன்னைக்குக் காலையில எனக்குப் போன் போட்டு என்ன சொன்னீங்க? 'பணத்துக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டே கெடங்க'ன்னு சொன்னீங்கல்ல?"

"விளையாட்டுக்குச் சொன்னேன் சகலை."

"ரிட்டயர் ஆனப்ப வந்தது மொத்தமும்." கைபேசியை என் பக்கம் நீட்டினார். "எங்க வீட்டுல அவகிட்ட இன்னும் சொல்லல. தினமும் விக்கப் போடறேன், எவனும் எடுக்க மாட்டேங்கறான்."

காப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க வித்தது நெசம்தான் சகலை. அதே நிமிஷம், அதே வெல. வாங்கினவன் நான்."