மெயின் சுவிட்ச் சாவி

"ஸ்பேனர் சார். லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஸ்பேனர்."

"ஸ்பேனரோ, கதவை நெம்புற கம்பியோ, உங்க நிறத்து ஆளுங்க கையில எல்லாம் ஒண்ணுதான்."

மூத்த போலீஸ்காரர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சாமான்கள் நடைபாதையில் உருண்டன. அதே மாதிரிப் பையோடு இரண்டு வெள்ளைத்தோல் தொழிலாளிகள் சிரித்துப் பேசியபடி தாண்டிப் போனார்கள். அவர்களை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கரிய நிறத்து மெக்கானிக்குக்கு இந்த மாதத்தில் இது மூன்றாவது சோதனை. எதிர்க் கட்டடத்து லிஃப்ட் குழியின் அடியில் தங்கை புருஷன் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தான். வேனிலிருந்து போல்ட் எடுக்கத்தான் இவன் வெளியே வந்திருந்தான்.

"ஆடி அசைஞ்சு வாங்க மச்சான். நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று குழிக்குள்ளிருந்து கேலி செய்து அனுப்பியிருந்தான் அவன்.

ஒருவன் குழிக்குள் இறங்கினால், லிஃப்ட் கீழே வந்து அவனை நசுக்கிவிடாதபடி மற்றவன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பது பதினோரு வருடப் பழக்கம். தூக்கத்தில்கூடக் கை அங்கே போகும். இப்போதும் போனது.

"ஏதோ எடுக்குறான்!"

லத்தி முழங்கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. அடுத்த அடி வாயில். குப்புற விழுந்தவனின் பிடரியில் இளைய போலீஸ்காரர் முட்டியை ஊன்றினார். விலாவில் பூட்ஸ் கால் இரண்டு முறை பாய்ந்தது. கன்னம் தரையில் தேய்ந்து கிழிந்தது. உடைந்த பல் ஒன்று நாக்கில் தட்டுப்பட்டது.

"கத்தியா?"

"இல்ல சார். சாவி." இளையவர் அவன் சட்டைப்பையிலிருந்து அதை உருவி மூத்தவரிடம் கொடுத்தார்.

"எந்த வீட்டுல சுட்டதோ!"

கூச்சல் கேட்டுக் கட்டடத்து வாட்ச்மேன் ஓடிவந்தார். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சாவியைத்தான் பார்த்தார்.

"அட, எங்க லிஃப்ட் சுவிட்ச் சாவி! காலையிலேர்ந்து படியேறுறவங்க எல்லாம் என்னைத்தான் வையிறாங்க. இவன்கூட வந்தவனையும் காணோம், கம்பி நீட்டிட்டான் போல. குடுங்க சார், நானே ஆன் பண்ணிடுறேன்."

மூத்தவர் சாவியை நீட்டினார்.

மெக்கானிக் ரத்தத்தைத் துப்பினான். பிடரியில் முட்டி இன்னும் அழுந்தியது.

"குடுக்காதீங்க சார்... மாப்ள உள்ள இருக்கான்... குழிக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாக்கச் சொல்லுங்க சார்..."