வேப்பிலை கட்டிய வாசலில் டேரன்

யுகேஎம் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தபோது, எங்கள் தோட்டத்து லயத்தின் முதல் பட்டதாரி என்று கோயில் மண்டபத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அப்படிப்பட்ட நான், காய்ச்சலோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாயை விட்டிருக்கக் கூடாது.

"கொப்புளமா இருக்கும்மா" என்றேன்.

"எங்க?"

"துணிக்குள்ள."

"எத்தன?"

"எண்ணிப் பாக்கல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுப்பில் பொரிந்துகொண்டிருந்த நெத்திலியைச் சட்டியோடு கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

"தாயே, வந்து படுத்துக்குங்க" என்றாள் என்னைப் பார்த்து.

எங்கள் அம்மா குமுதவல்லி என்னைப் பெற்ற நாளிலிருந்து 'ங்க' போட்டுப் பேசியதில்லை. 'சனியனே'தான் என் வீட்டுப் பெயர். ஆனால் அம்மை போட்டால் கதை வேறு. எங்கள் பக்கத்தில் அது நோய் இல்லை, விருந்தாளி. மாரியாத்தாவே வந்து உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று கணக்கு. அவள் இறங்கிப் போகும்வரை வீட்டில் தாளிக்கக் கூடாது, கவிச்சி கூடாது, வெளியாள் படி ஏறக் கூடாது, படுத்திருப்பவள் மனம் கோணக் கூடாது.

அம்மையாக இருந்தால் நானும் சந்தோஷமாகப் படுத்திருப்பேன். அன்று காலை சிரம்பானில் ஒரு கிளினிக்கில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னது வேறு. "ஹெர்ப்பிஸ் மாதிரி தெரியுது. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர்றவரைக்கும் இந்த மாத்திரயச் சாப்பிடு. நெறைய பேருக்கு இருக்கு, பாதிப் பேருக்கு இருக்குறதே தெரியாது. வாயிலருந்தும் வரலாம், கீழருந்தும் வரலாம், வருசக் கணக்கா சும்மா தூங்கிட்டும் கெடக்கும். பாட்னர் இருந்தா சொல்லிடு."

சொல்லிடு. ஏதோ, வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா என்று சொல்வதுபோல.

என் பாட்னர் டேரன். சிரம்பான் பையன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆபீஸில் எனக்கு அடுத்த மேசை. இந்து, கிறிஸ்தவம் என்று இரண்டு வீட்டிலும் ஒரு வருடம் அழுது, கத்தி, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா பெட்ரிசியா ஆண்ட்டி எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வருவதாக முடிவாகியிருந்தது. அதற்குள் நான் அவனிடம் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் கேட்கப் போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். யாருகிட்டருந்து? உலகத்தில் எந்த ஆணும் அதைத்தான் கேட்பான். அவனைத் தவிர நான் யாரோடும் போனதில்லை. ஆனால் அதை நிரூபிக்க எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

வாட்ஸ்அப்பில் "டேரன், ஒண்ணு சொல்லணும்" என்று அனுப்பினேன்.

"என்னலா, பயமா இருக்கு" என்று பதில் வந்தது.

பூனைக்குட்டி படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனை மூடி வைத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

வேப்பிலையைப் பார்த்ததும் லயத்துக்கே சேதி போய்விட்டது. பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா இளநீரோடு வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரக் கூடாதல்லவா. என் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். போன தீபாவளிக்கு "பொம்பளப் புள்ள சிரம்பான்ல தனியா ரூம் எடுத்து என்ன வேல வேண்டிக் கெடக்கு" என்று என் காதுபடப் பேசிய அதே அக்கா.

"தாயே, ஒரு நம்பர் குடுங்க தாயே."

"என்ன நம்பரு?"

"நாலு நம்பருலா. நாளைக்குக் குலுக்கல் இருக்கு. உங்க வாயால வந்தா விழும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கீழே நெருப்பாக எரிகிறது, ஒன்றுக்குப் போனால் கண்ணில் தண்ணீர் வருகிறது, இவருக்கு லாட்டரி நம்பர். "நாலு பேரு நாலு விதமா பேசுற ஊருதானே இது, போங்கக்கா" என்று கத்தினேன்.

"நாலு, நாலு" என்று அக்கா பயபக்தியோடு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "மிச்சம் ரெண்டும் சொல்லிடுங்க தாயே."

ஜன்னலைச் சாத்தினேன். அதுவும் ஏதோ ஒரு நம்பராகியிருக்கும். சாயங்காலத்துக்குள் கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு செம்பு மஞ்சள் தண்ணீர், ஆளுக்கொரு வேண்டுதல். ஒருத்தி மகனுக்கு லைசன்ஸ் கிடைக்க வேண்டும் என்றாள். என் உடம்பைப் பற்றி ஊரே கூடிப் பேசலாம், நான் மட்டும் பேசக் கூடாது. அதை நினைத்து நினைத்து மாத்திரையை விழுங்கினேன்.

அப்போதுதான் செம்மண் ரோட்டில் டேரனின் மைவி கார் வந்து நின்றது. போன் மூடியிருந்ததால் சிரம்பானிலிருந்து ரந்தாவ் வழியாகத் தேடி வந்துவிட்டான். ஆபீஸ் சட்டை, வியர்வை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தான், பாவி.

அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். "தம்பி, அங்கயே நில்லுங்க."

"ஆண்ட்டி, லோகா போன் எடுக்க மாட்டேங்கிறா."

"தாயி படுத்திருக்காங்க."

"யாரு ஆண்ட்டி?"

"லோகேஸ்வரித் தாயி."

டேரன் வேப்பிலையைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், செம்புகளைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "ஐயோ, எப்ப ஆண்ட்டி? நேத்துகூடப் பேசுனாளே."

"உசுரோடதான் இருக்காங்க. அம்மை போட்டிருக்கு. கையில என்ன?"

"கோழிச் சோறு. அவளுக்குப் புடிக்குமேன்னு கடையில தாப்பாவ் பண்ணிக் கட்டிட்டு வந்தேன்."

பெண்கள் எல்லாரும் பாம்பைக் கண்டதுபோல ஓரடி பின்வாங்கினார்கள். அம்மை வீட்டு வாசலில் வறுத்த கோழி. முத்தாயி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். டேரனுக்கு ஒன்றும் புரியவில்லை. கோழியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சாஸ் தனியாத்தான் கட்டியிருக்கு" என்றான், அதுதான் பிரச்சினை என்பதுபோல.

இனிமேலும் ஒளிந்துகொண்டிருந்தால் நான் மனுஷி இல்லை. போனைத் திறந்து அவனைக் கூப்பிட்டேன். "தனியாப் பேசணும். கார்ல போய் உக்காரு."

"சரி சரி" என்று ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தால் வாய் வராது.

"கேளு. நடுவுல பேசாத. இது அம்மை இல்ல. ஹெர்ப்பிஸா இருக்கலாம்னு டாக்டர் சொல்றா. எங்க வந்திருக்குன்னு உனக்கே தெரியும். ரிசல்ட் இன்னும் வரல. நான் உன்னத் தவிர எவன்கூடயும் போனதில்ல. நம்புனா நம்பு. நம்பலன்னா இப்பவே வண்டிய எடுத்துட்டுப் போயிடு, ஞாயித்துக்கெழம உங்கம்மாவக் கூட்டிட்டு வர வேணாம்."

சொல்லி முடித்தபோது, "கூட்டிட்டு வர வேணாம்" என்று என் குரலே ஜன்னலுக்கு வெளியே இருந்து திரும்பி வந்தது. கணீரென்று, பேஸ் எல்லாம் வைத்து.

கண்ணைத் திறந்தேன். மைவியில் ஏர்கோன் கெட்டு மாதக்கணக்காகிறது. நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தன. அவன் போன் தானாகக் காரின் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டுவிட்டது. அவன் போன வருடம் ஆசையாகப் பெரிய ஸ்பீக்கர் வேறு வாங்கிப் போட்டிருந்தான்.

கேட்டில் நின்ற எல்லாத் தலையும் காரைப் பார்த்துத் திரும்பியது. டேரன் பதறிப்போய்க் கண்ணாடியை ஏற்றப் பார்த்தான். வைப்பர் ஆடியது. இன்னொன்றை அமுக்கினான். ஹாரன் அடித்தது. வைப்பர் நிற்கவே இல்லை.

முத்தாயி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "குமுதா, எர்ப்பீஸ்னா என்னா?"

அம்மா என் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். எங்கம்மா பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான், ஆனால் ஆடு மாடு வளர்த்தவள், மூன்று பிள்ளை பெற்றவள். என்ன, எங்கே, எப்படி என்று எல்லாம் அவள் முகத்தில் வரிசையாக ஏறி இறங்கியது. நான் போர்வையை இழுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

"அது அம்மைக்குப் பங்காளி" என்றாள் அம்மா.

பிற்பாடு கூகிளில் தேடிப் பார்த்தேன். சின்னம்மைக் கிருமியும் இதுவும் ஒரே குடும்பம்தானாம். பொய் சொல்ல நினைத்தும் எங்கம்மாவால் முடியவில்லை.

டேரன் காரை விட்டு இறங்கினான். கேட்டருகே வந்து நின்றான். கோழிப் பையை இன்னும் விடவில்லை. அவன் வாய் திறந்தது. "அப்ப, யாருகிட்டருந்து..."

முடிந்தது, என்று நினைத்தேன். கேட்டுவிட்டான்.

ஆனால் முடிக்கவில்லை. கை மெல்ல மேலே போய் உதட்டோரத்தைத் தொட்டது. அங்கே காய்ந்து உதிர்கிற நிலையில் ஒரு பொருக்கு. வேலை அதிகமானால், தூக்கம் கெட்டால், அவனுக்கு அங்கே புண் வரும். சூட்டுப் புண் என்பான். அவன் வீட்டிலும் சூடு என்பார்கள், பார்லித் தண்ணீர் போட்டுக் கொடுப்பார்கள். நானே பார்லி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். டாக்டரம்மா வாய் என்று சொன்னது என் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. பட்டம் வாங்கிய மண்டை.

"லோகா" என்றான் ஜன்னலைப் பார்த்து. "இது வாயிலருந்து வருமா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. ஜன்னலைத் திறந்தேன். "வரும்."

"போன வாரம் எனக்கு இருந்துச்சு."

"தெரியும்."

"போன வாரந்தான் நாம..."

"டேரன், வாய மூடு."

"வாயிலருந்தா" என்று முத்தாயி அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். முகத்தில் ஆழ்ந்த யோசனை. "வாயிலருந்து எப்பிடி அங்க..."

"முத்தாயி, உன் வீட்ல ஒல கொதிக்குது" என்றாள் அம்மா.

"ஒலயே வைக்கலயே."

"போய் வை."

அக்கா நகரவில்லை. யாருமே நகரவில்லை. பேசாமல் போய்விட டேரனுக்கு எல்லா வழியும் இருந்தது. சாவி கையில், காரும் ரோட்டைப் பார்த்து நின்றது. அவன் போனால் ஊர் என்னைத்தான் பேசும், அவனை அல்ல. அது அவனுக்கும் தெரியும்.

"ஆண்ட்டி, எனக்கும் இருக்கு" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. காதெல்லாம் சிவந்திருந்தது. "ஸ்கூல் படிக்கிற காலத்துலருந்து வருது. எங்கிட்டருந்துதான் அவளுக்கு வந்திருக்கும். அவ மேல தப்பில்ல."

"வந்திருக்கலாம்னு சொல்லு" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். "ரிசல்ட் வரல." அழுதுகொண்டே கத்தினேன், அது வேறு விஷயம்.

அம்மா கேட் வரைக்கும் நடந்தாள். டேரனின் மோவாயைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டைப் பார்த்தாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. அவன் அசையாமல் நின்றான்.

"இவருக்கும் வந்திருக்கு" என்று பெண்களிடம் தீர்ப்புச் சொன்னாள். "ஆத்தா வந்தவங்க வெளிய நிக்கக் கூடாது. தம்பி, செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க. கோழி வெளியவே கெடக்கட்டும்."

சட்டப்படி சரிதான். ஆத்தா ஒரே வீட்டில் இரண்டு பேர் மேல் இறங்கலாம். ஒருத்தர் கிறிஸ்தவராக இருக்கக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை.

டேரன் என் அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தான். அம்மா பின்னாலேயே வந்து திரையை இழுத்துவிட்டாள். வெளியே கேட்கும்படி, "தாயே, இளநி வைக்கட்டுங்களா" என்றாள். பிறகு குனிந்து என் காதில், "சனியனே, மாத்திர சாப்பிட்டியா?" என்றாள். தலையாட்டினேன். அவனைப் பார்த்து, "நாளைக்கு நீங்களும் அந்த டாக்டரப் போய்ப் பாக்குறீங்க" என்றாள். அவனும் தலையாட்டினான். உலகத்தில் எங்கம்மாவிடம் இதைவிட நீளமான பேச்சு இதைப் பற்றி இனி நடக்காது என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

அம்மா போன பிறகு அவன் கேட்டான். "வலிக்குதா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் தயாராகவே இல்லை. "ஒன்னுக்குப் போனா உசுரு போவுது" என்றேன்.

"சாரிலா."

"சாரி சொல்லி என்ன செய்ய. கோவமாத்தான் இருக்கேன்."

"கோவமாவே இரு." தரையைப் பார்த்துச் சொன்னான். "மொதல்ல வேற மாதிரி நெனச்சேன். ஒரு நிமிசம்."

"அரை நிமிசம். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அதுக்கும் சாரி." பிறகு, "ஞாயித்துக்கெழம அம்மாவக் கூட்டிட்டு வரலாமா?"

"உங்கம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், நெற்றி சுருங்க. "அவங்களுக்கும் உதட்டுல வரும்" என்றான். "எனக்குச் சின்னப் புள்ளையில முத்தம் குடுத்ததே அவங்கதான்."

பெட்ரிசியா ஆண்ட்டி, கையில் பூத்தட்டோடு, வேப்பிலைக்குக் கீழே குனிந்து உள்ளே வருவதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வலித்ததில் தோட்டத்து லோரிக்காரர்களிடம் கற்ற ஒரு கெட்ட வார்த்தை, முழுசாக, வாயைத் தாண்டிப் போய்விட்டது.

வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "ஆத்தா உக்கிரமா இருக்காங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."